குதிரைக்கும் பூனைக்கும் ஒரே டாக்டர் போதுமா?

இரவு படுக்கப் போவதற்கு முன்னால் லாயத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவது எங்கள் வீட்டுப் பழக்கம். அன்றைக்குப் போனபோது எங்கள் பெண் குதிரை தீவனத் தொட்டியில் வாயே வைக்கவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே கழுத்தைத் திருப்பி விலாப்பக்கம் பார்ப்பாள், மேல் உதட்டைச் சுருட்டுவாள், மறுபடி தரையைப் பறிப்பாள். குதிரைக்கு வயிற்றுவலி என்பதற்கு இதெல்லாம் அடையாளம். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இதயத் துடிப்பை எண்ணினேன். நிமிடத்துக்கு 60. சும்மா நிற்கிற வளர்ந்த குதிரைக்கு அது 28-இலிருந்து 44-க்குள் இருக்க வேண்டும்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு டாக்டரின் எண். எங்கள் நாயையும் பூனைகளையும் பல வருடமாகப் பார்த்துவருபவர். அந்த நேரத்திலும் போனை எடுத்தார், பொறுமையாகக் கேட்டார், அப்புறம் நேர்மையாகச் சொன்னார்: "நான் குதிரை பார்த்துப் பல வருடம் ஆகிறது. மூக்குவழியாகக் குழாய் விட வேண்டியிருக்கும். அது என்னிடம் இல்லை. குதிரை பார்க்கிற ஒருவரின் எண் தருகிறேன், உடனே கூப்பிடுங்கள்." அந்த ஒருவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. குதிரை பிழைத்தாள். ஆனால் அந்த எண் என் கையில் முன்பே இருந்திருந்தால் அவளுடைய வலியில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டு மிருகங்களின் வைத்தியத்தை உட்கார்ந்து யோசித்து முடிவுசெய்தேன். குதிரையும் நாயும் பூனையும் சேர்ந்து வாழ்கிற வீடு உங்களுடையது என்றால், உங்களுக்கும் இதே கேள்வி இருக்கும்.

வழிகள் நான்கு. எல்லாவற்றையும் பார்க்கிற ஒரே டாக்டரை வைத்துக்கொள்வது. குதிரைக்கு ஒருவர், வீட்டுப் பிராணிகளுக்கு ஒரு கிளினிக் என்று பிரித்துக்கொள்வது. எதற்கெடுத்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது. போனிலும் வீடியோவிலும் கேட்டுக்கொள்வது. எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு மிருகமும் எந்த இடத்தில் சட்டென்று உயிரை விடும் என்று பார்த்து, அந்த இடத்துக்கு யார் உதவுவார்கள் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

உடம்பே வேறு

கால்நடை மருத்துவம் குதிரையிலிருந்து வளர்ந்த படிப்பு என்றே சொல்லலாம். 1761-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவிய குளோத் பூர்ஜலா குதிரையேற்றப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர். இன்றைக்குப் பல நாடுகளில் நிலைமை தலைகீழ். படித்து வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர் நாய் பூனை பக்கம்தான் போகிறார்கள். பட்டம் ஒன்றுதான், கைப்பழக்கம் வேறு.

கைப்பழக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வெப்பமானியில் 38.9 டிகிரி செல்சியஸ் காட்டினால் நாய்க்கு அது சாதாரணம். குதிரைக்கு அது காய்ச்சல், ஏனென்றால் குதிரையின் இயல்பான வெப்பம் 37.2-இலிருந்து 38.3 வரைதான். பூனையின் இதயம் நிமிடத்துக்கு 180 முறை அடித்தால் யாரும் பதற மாட்டார்கள். குதிரைக்கு 60-ஐத் தாண்டி இறங்காமல் நின்றாலே அனுபவமுள்ள டாக்டர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

வயிறு இன்னும் பெரிய வித்தியாசம். நாயோ பூனையோ ஒவ்வாததைத் தின்றால் வாந்தி எடுத்துத் தள்ளிவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் இருக்கும் தசைவளையம் அவ்வளவு இறுக்கமானது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பையின் கொள்ளளவு ஏறக்குறைய 8-இலிருந்து 15 லிட்டர்தான். குடலில் அடைப்போ முறுக்கோ வந்தால் கீழே போக வேண்டியது திரும்பி மேலே தேங்கும். வெளியேற வழியில்லாமல் இரைப்பை வெடித்துவிட்டால் அதற்குப் பிறகு வைத்தியமே இல்லை.

அன்றிரவு வந்த டாக்டர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் ஊசியை எடுக்கவில்லை. விலாவின் இரண்டு பக்கமும், மேலேயும் கீழேயும், ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடமாவது ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். குடல் இரைவது நல்லது, அமைதியாக இருப்பதுதான் பயம் என்றார். உதட்டைத் தூக்கி ஈற்றைக் கட்டை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் எத்தனை விநாடியில் சிவக்கிறது என்று பார்த்தார். 2 விநாடிக்குள் திரும்ப வேண்டும். அப்புறம் லேசான மயக்க ஊசி. கட்டை விரல் தடிமனுள்ள நீளமான குழாயின் முனையை ஈரப்படுத்தி, மூக்குத் துவாரத்தின் அடிப்பக்கமாக மெல்ல விட்டார். தொண்டையில் குழாய் தொட்டதும் அவள் விழுங்கும் வரை காத்திருந்தார். விழுங்கியதும் உள்ளே தள்ளினார். கழுத்தின் இடது பக்கம் தோலுக்கு அடியில் குழாய் இறங்குவது எனக்கே தெரிந்தது. குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி முனையைத் தாழ்த்தியதும் பச்சையும் பழுப்புமாகப் புளித்த நாற்றத்தோடு திரவம் வாளியில் கொட்டியது. 2 லிட்டருக்கு மேல் வந்தாலே ஏதோ கோளாறு என்று அர்த்தமாம். அன்று வாளி நிரம்பிவிட்டது. நிரம்ப நிரம்ப அவள் தலை தாழ்ந்தது, காது தளர்ந்தது. கால் மணி நேரத்தில் துடிப்பு 48-க்கு இறங்கியது.

இந்த வேலையை எந்தக் கால்நடை மருத்துவரும் கல்லூரியில் படித்திருப்பார். ஆனால் இருட்டில், வலியில் துள்ளுகிற 450 கிலோ மிருகத்தின் மூக்கில், குழாய் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் விடுவதற்குப் பழகிய கை வேண்டும். அதனால் குதிரைக்கு டாக்டர் தேடும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, "போன மாதம் எத்தனை குதிரை பார்த்தீர்கள்?" அடுத்தது, "குழாய் வண்டியில் இருக்கிறதா?"

எல்லாவற்றுக்கும் ஒருவர்

குதிரை, மாடு, நாய், பூனை எல்லாம் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். நகரத்திலிருந்து தள்ளி வாழ்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அவர்கள்தான். அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. குதிரைக்குத் தடுப்பூசி போட வருகிறவர் அப்படியே திண்ணையில் கிடக்கும் நாயின் காதையும் பார்த்துவிட்டுப் போவார். லாயம், தொட்டி, மேய்ச்சல் இடம், எது எதோடு சேர்ந்து வளர்கிறது என்று எல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

அந்தக் கண் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது மருந்து விஷயத்தில்தான் புரியும். குதிரைக்குப் பூச்சி மருந்தாகக் கொடுக்கும் ஐவர்மெக்டின், மாக்ஸிடெக்டின் பசை ஒரு முழுக் குதிரைக்கான அளவு. குதிரை துப்பியதை நாய் நக்கினால், அதுவும் கோலி போன்ற மேய்ப்பு நாய் இனமாக இருந்தால், உயிருக்கே ஆபத்து. அந்த இனங்களில் பல நாய்களுக்கு மரபணுக் குறையால் இந்த மருந்து மூளைக்குள் நுழைந்துவிடும். மருந்து கொடுத்த குதிரையின் லத்தியைத் தின்றும் நாய்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. நாயின் உண்ணிக்குப் பயன்படும் அமிட்ராஸைக் குதிரை மேல் தடவினால் குடல் ஓட்டம் நின்று வயிறு கட்டிக்கொள்ளும். நாய்க்கும் குதிரைக்கும் ஈ, உண்ணி அண்டாமல் போடும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். மனிதர்களுக்கான பாராசிட்டமால் ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். கோழித் தீவனத்திலும் மாட்டுத் தீவனத்திலும் சேர்க்கப்படும் மொனென்சின் குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். இத்தனையும் ஒரே கொட்டகையில், ஒரே அலமாரியில் இருக்கக்கூடியவை. இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதிக் கொடுக்கும்போது, ஒருவர் எழுதிய மருந்து மற்றவர் பார்க்கிற மிருகத்துக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது இரண்டு பேருக்குமே தெரியாமல் போகலாம்.

சரி, குறை எங்கே? ஆழத்திலும் சாதனத்திலும். பூனையின் பல்லை எக்ஸ்ரே எடுக்கும் கருவி, நாயின் ரத்தத்தைக் கால் மணி நேரத்தில் பரிசோதிக்கும் கருவி, குதிரையின் காலுக்கான ஸ்கேன் எல்லாம் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. அப்புறம், ஒரு மனிதர் ஒரே இரவில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். இன்னொரு பண்ணையில் கன்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் நாயின் வயிறு முறுக்கிக்கொண்டால் அவரால் என்ன செய்ய முடியும்? இவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் வர முடியாதபோது யார் என்பதையும் அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல டாக்டர் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரித்துக்கொள்வது

எங்கள் வீட்டில் கடைசியில் செய்தது இதுதான்: குதிரைக்கு லாயத்துக்கு வருகிறவர், பூனைக்குக் கிளினிக். நாயை நடுவில் விட்டிருக்கிறோம். அதற்குக் காரணம் சொல்கிறேன்.

குதிரை வைத்தியத்தில் பெரும்பகுதியை நிற்க வைத்தே செய்துவிடலாம். டெட்டோமிடின், சைலசின் போன்ற மருந்துகள் குதிரையை விழவிடாமல், தலை தொங்க நிற்கும்படி தூங்கவைக்கும். அந்த நிலையில் பல் ராவலாம், காயம் தைக்கலாம், காயடிக்கக்கூடச் செய்யலாம். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் வண்டியிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே குதிரைக்கு, கட்டடம் எவ்வளவு பெரியது என்பதைவிட வண்டியில் என்ன இருக்கிறது, எத்தனை நிமிடத்தில் வரும் என்பதுதான் கேள்வி.

பல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைத்து அரைத்துத் தேயும். மேல் பல்லின் வெளி ஓரமும் கீழ்ப் பல்லின் உள் ஓரமும் கத்தியாகிவிடும். வாயைத் திறந்து வைக்கும் கருவியை மாட்டி, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் இது தெரியாது. வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். குதிரை மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால் அதற்கு முன்பே. நாய் பூனையின் பல் வேறு கதை. அங்கே பிரச்சினை ஈறுக்கு அடியில் ஒளிந்திருக்கும். முழு மயக்கமும் எக்ஸ்ரேயும் இல்லாமல் மேலோட்டமாகச் சுரண்டுவதால் பல் வெள்ளையாகத் தெரியும், நோய் அப்படியே இருக்கும்.

குளம்பும் அப்படித்தான். குதிரை ஆணியை மிதித்துவிட்டால் நம் கை தானாக அதைப் பிடுங்கப் போகும். குதிரை டாக்டர் போனிலேயே "பிடுங்காதீர்கள்" என்பார். ஆணி உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால் அது எந்தத் திசையில், எலும்பு வரைக்கும் மூட்டு வரைக்கும் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடுங்கியபின் குளம்பின் அடிப்பக்கத் துளை மூடிக்கொள்ளும், தடம் தொலைந்துவிடும். காலை ஊன்ற ஊன்ற ஆணி இன்னும் ஆழமாகப் போகும் என்ற நிலைமையில்தான் பிடுங்க வேண்டும், அப்போதும் துளை இருந்த இடத்தை அடையாளம் செய்து, ஆணியையும் எடுத்து வைக்க வேண்டும். காயத்திலும் இதே போல நம் கண் நம்மை ஏமாற்றும். தொடையில் தோல் கிழிந்து தொங்குவது பார்க்கப் பயங்கரம், ஆனால் பெரும்பாலும் ஆறிவிடும். மூட்டுக்குப் பக்கத்தில் விரல் நக அளவு துளை இருந்தால் அதுதான் அன்றே பார்க்க வேண்டியது. மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் குதிரையின் நடையே போய்விடும். இந்த வரிசை நாய் பூனை மட்டும் பார்க்கிறவருக்கு உடனே மனதில் வருவது கஷ்டம். சின்னக் காயத்திலிருந்து டெட்டனஸ் வருவதும் குதிரைக்குத்தான் மிக எளிது. நாயும் பூனையும் அதை நன்றாகவே தாங்கும்.

சினைக் குதிரை இருக்கிற வீடு யோசிக்கவே வேண்டாம், குதிரை டாக்டர் தனியாக வேண்டும். குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், தாய்க்கு 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். ஒன்று தவறினாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

இனி பூனை. பூனைக்கு எல்லாமே எதிர்ப்பக்கம். வீட்டுக்கு டாக்டர் வருவது அதற்கு நிம்மதிதான். கூடைக்குள் அடைபட்டு, வண்டியில் குலுங்கி, நாய்கள் குரைக்கிற வரவேற்பறையில் காத்திருந்து பயப்படும் பூனையின் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும், சர்க்கரை நோயோ என்று சந்தேகம்கூட வரும். தடுப்பூசிக்கும், வயதான பூனையின் எடையைப் பார்ப்பதற்கும் வீட்டு வருகை நன்றாக ஒத்துவரும். ஆனால் பூனை சட்டென்று உயிரை விடும் இடங்களில் வீட்டு வருகையால் பயனில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஒன்று, இரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். அதற்கு மயக்கம் கொடுத்துக் குழாய் விட வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும், இரவெல்லாம் சொட்டு மருந்து ஏற வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனைக்கு ஆக்சிஜன் வேண்டும். இவை கட்டடத்துக்குள் இருப்பவை. ஆகவே பூனைக்கு, பக்கத்தில் நல்ல கருவிகளோடு இருக்கும் கிளினிக்.

எந்தக் கிளினிக் என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான். எங்கள் கறுப்புப் பூனையை முதன்முதலில் கொண்டுபோனபோது இப்போதைய டாக்டர் அதைக் கூடையிலிருந்து இழுக்கவில்லை. கூடையின் மேல்மூடியைத் திருகிக் கழற்றி, பூனையை அதன் துண்டோடு அடிப்பாதியிலேயே உட்காரவிட்டு, துண்டைப் போர்த்தியபடியே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முடிந்த பிறகுதான் அது வெளியே எட்டிப் பார்த்தது. இதற்கு முன் போய்க்கொண்டிருந்த இடத்தில் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்குவார்கள், அது கடிக்கும், "உங்கள் பூனை பொல்லாதது" என்று அட்டையில் எழுதுவார்கள். அதே பூனைதான்.

நாயை நடுவில் விட்டிருக்கிறோம் என்றேனே, ஏனென்றால் நாய் இரண்டு வழிக்கும் ஒத்துக்கொள்ளும். வண்டியில் ஏறும், டாக்டர் வந்தாலும் வாலாட்டும். சாதாரணத் தடுப்பூசி, தோல், காது எல்லாவற்றையும் லாயத்துக்கு வருகிற டாக்டரே பார்த்துவிடலாம். மார்புக் கூடு ஆழமான பெரிய நாயாக இருந்தால் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓக்காளித்துக்கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு யாரையும் வரச்சொல்லிக் காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

இப்படிப் பிரித்துக்கொண்டால், முன்னே சொன்ன மருந்துக் குழப்பத்தைத் தடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. நாங்கள் ஒரே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்த மிருகத்துக்கு, எந்த மருந்து, எவ்வளவு, என்றைக்கு, யார் கொடுத்தது எல்லாம் அதில்தான். இரண்டு டாக்டர்களும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். குதிரையின் எடையும் அதில் இருக்கும். எடைமேடை இல்லாவிட்டால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு ஏறக்குறைய வந்துவிடும், அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் சுமார் 436 கிலோ. பூச்சி மருந்தைக் கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் புழுக்கள் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிடும். வருடத்துக்கு இத்தனை தடவை என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல், லத்தியில் புழு முட்டை எண்ணிப் பார்த்துக் கொடுக்கச் சொல்கிற குதிரை டாக்டரைத்தான் நான் நம்புவேன்.

பெரிய ஆஸ்பத்திரியும் போனும்

பெரிய ஆஸ்பத்திரி, முக்கியமாகக் கல்லூரியோடு சேர்ந்தது, எல்லாவற்றுக்கும் முதல் வாசலாக வேண்டாம் என்பது என் கருத்து. காய்ச்சலுக்கும் காதுக்கும் அங்கே போனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டர், வேறு வேறு கை. ஆனால் கடைசி வாசலாக அது இருந்தே ஆக வேண்டும், அது எங்கே என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

குதிரைக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். முழு மயக்கம் என்பதே குதிரைக்குப் பெரிய ஆபத்து. 2008-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் மயக்கம் கொடுக்கப்பட்ட நாய்களில் சுமார் 0.17 சதவீதமும் பூனைகளில் 0.24 சதவீதமும் இறந்தன. குதிரைகளைப் பற்றி 2002-இல் வந்த பெரிய ஆய்வில், வயிற்றுவலிக் கேஸ்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஏறக்குறைய 100-க்கு ஒன்று. படுத்திருக்கும்போது தன் எடையாலேயே தசை நசுங்கும், எழும்போது தடுமாறிக் காலை ஒடித்துக்கொள்ளும். அதனால்தான் குதிரை ஆபரேஷனுக்கு மெத்தை பதித்த சுவருள்ள அறையும், தூக்கிப் படுக்கவைக்கும் பாரந்தூக்கியும், கண்ணை எடுக்காமல் மயக்கத்தை மட்டுமே கவனிக்கும் ஒருவரும் வேண்டும். இவை எல்லா ஊரிலும் இருக்காது. இவை இல்லாத இடத்தில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவரிடம் குதிரையை ஒப்படைக்காதீர்கள்.

போன் ஆலோசனை ஒரு துணை. புண் ஆறுவதைப் படம் எடுத்து அனுப்பலாம், மருந்தைத் தொடரலாமா என்று கேட்கலாம், இப்போதே கிளம்ப வேண்டுமா என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் நம்பினால் ஆபத்து, ஏனென்றால் அங்கே டாக்டரின் கண் நாம்தான். எங்கள் ஆண் பூனை ஒரு நாள் மண் தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்கிக்கொண்டிருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து அப்படியே போனில் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் என் வார்த்தையை எடுத்துக்கொண்டு மலச்சிக்கலுக்கு மருந்து சொன்னார். சிறுநீர் போகிறதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மறுநாள் காலை கிளினிக்கில் டாக்டர் வயிற்றைத் தொட்டதும் முகம் மாறினார். சிறுநீர்ப்பை கல்லுருண்டை போல இருந்தது. மூன்று நாள் குழாயோடு கிடந்து பிழைத்தது. இப்போது போனில் பேசுவதற்கு முன் வெப்பம், துடிப்பு, மூச்சு, ஈற்றின் நிறம், கடைசியாகச் சிறுநீரும் மலமும் எப்போது போனது, இந்த ஐந்தையும் பார்த்து எழுதிக்கொண்டுதான் பேசுகிறோம்.

குதிரை வயிற்றுவலிக்குப் போனில் கேட்டுக்கொண்டு வலி மருந்து போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. புளுனிக்சின் பல லாயங்களில் இருக்கும். வலி அடங்கும், குதிரை நிம்மதியாக நிற்கும். குடல் முறுக்கு அப்படியே இருக்கும். டாக்டர் வரும்போது நிலைமை தெரியாமல் மறைந்துவிடும். தசையில் போட்டால் அபூர்வமாகச் சதையே அழுகும் கிருமித்தொற்றும் வரும். டாக்டர் சொல்லாமல் அந்தக் குப்பியைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவனத்தை எடுத்துவிடுங்கள், உருண்டு அடிபடாத இடத்தில் வையுங்கள், துடிப்பை எண்ணிக் குறித்துக்கொண்டே இருங்கள்.

யாரிடமும் கேட்கத் தயங்குகிற ஒன்றையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். பூனையும் நாயும், வேதனையில்லாமல் உயிரை முடித்துவைக்கும் அந்தக் கடைசி ஊசியை வீட்டில், நம் மடியில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு வீட்டுக்கு வருகிற டாக்டர் யார் என்று தெரிந்துவைப்பது நல்லது. குதிரைக்கு அந்த ஊசி போட்டால் அதிலுள்ள பென்டோபார்பிட்டல் என்ற மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். அந்தச் சடலத்தை நாயோ பறவையோ தின்றால் அதுவும் சாகும். அடக்கம் செய்யும் ஏற்பாடு, ஆழம், ஆட்கள், வண்டி எல்லாவற்றையும் டாக்டரோடு முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும்போது அதைப் பேச முடியாது.

அன்றிரவு குதிரை டாக்டர் கிளம்பும் முன் கை கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார்: "இன்னும் இரண்டு மணி நேரத்தில் துடிப்பு மறுபடி ஏறினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வண்டி இருக்கிறதா? இவள் ஏறுவாளா? ஆபரேஷன் என்றால் உங்களுக்குச் சம்மதமா?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. துடிப்பு ஏறவில்லை, அதனால் அந்தக் கேள்விகள் அன்றைக்கு அப்படியே நின்றுவிட்டன. அடுத்த வாரமே ஒரு வண்டிக்குச் சொல்லிவைத்தோம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஆபரேஷன் பற்றிப் பேசி, முடிவை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினோம். அதற்குக் கீழே இரண்டு டாக்டர்களின் எண், அவர்கள் வராவிட்டால் கூப்பிட வேண்டியவர் எண், ஆஸ்பத்திரி எண். வண்டியை வாரம் ஒரு முறை கொண்டுவரச் சொல்லி, கதவைத் திறந்து வைத்து, உள்ளே கொஞ்சம் புல்லைப் போட்டுக் காத்திருப்போம். முதல் நாள் முன்னங்காலை மட்டும் பலகையில் வைத்துப் பார்த்தாள். நான்காவது வாரம் தானாக ஏறி, புல்லைத் தின்று முடித்து, நாங்கள் கூப்பிட்டபிறகுதான் இறங்கினாள்.